கொம்புக்கு அடித்த பெயிண்ட்

அன்றைக்குக் கிணற்று மேட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

அம்பலகாரர். எங்கள் ஊரில் நல்லது கெட்டதுக்கு அவர் பேச்சுத்தான். கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரருக்கு அண்ணன். கொழும்பில் மூட்டைக் கடையில் இருந்தவர். அங்கே இனி இருக்க முடியாது என்று ஆகி, ஊரோடு வந்து ஒரு வருஷம்.

அவர் சம்சாரம். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

திருமயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கார் டிரைவர். வயசாளி.

ஊரில் சவரம் செய்கிறவர், கத்திப் பெட்டியோடு.

நான்.

என் வீட்டுக்காரர் இல்லை. முந்தின ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் இத்தனை பேர் கூடியிருக்க வேண்டாம். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

கொட்டகைக்குள் எஞ்சின் இருந்தது. கார் எஞ்சின். நாலு சிலிண்டர். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பெல்ட் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் இறைப்போம். கீரமங்கலம் பக்கம் அப்போது இப்படி ஓடிய எஞ்சின்கள் உண்டு. கார் செத்த பிறகும் எஞ்சின் சாகாது.

அது யாருடையது என்பதுதான் வழக்கு.

என் மாமனார் ஒரு கார் எஞ்சின் வாங்கினார். மூத்தார் கொழும்பிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கியது. அதில் சந்தேகம் இல்லை. மாமனார் இறந்தார். ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆனியில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தார்கள். மூத்தார் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொழும்புக்கே போய்விட்டார். அந்தச் சமயம் எஞ்சின் ஓடவில்லை. வெடிப்பு விட்டுக் கொட்டகையில் கிடந்தது. பழைய இரும்பு என்று யாரும் பாகத்தில் சேர்க்கவில்லை. கிணறு மட்டும் பொது.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தது ஐம்பத்து ஐந்து ஆவணியில். அப்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அய்யா வாங்கிய எஞ்சின் தேறவில்லை, எடைக்குப் போட்டேன், இது நான் வாங்கியது, செட்டியார் வீட்டுக் கார் எஞ்சின். எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய சங்கதியாக அது அன்றைக்குத் தெரியவில்லை.

ஊர்க்காரர்களைக் கேட்டேன். முதலில் ஒரு எஞ்சின் கிடந்தது, பிறகு ஒரு எஞ்சின் ஓடியது. ரிப்பேர் பார்த்தான் என்று நினைத்திருக்கிறார்கள். அம்பலகாரர் நேராகவே சொல்லிவிட்டார்.

"எனக்கு மாட்டுல வித்தியாசம் தெரியும். எஞ்சின் எல்லாம் ஒண்ணுதான் ஆத்தா."

மூத்தார் முன்னால் நான் நேருக்கு நேர் பேசுவதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் என்னிடம் பேசமாட்டார். அக்காவைப் பார்த்துப் பேசுவார், எனக்குக் கேட்கும். நானும் அக்காவைப் பார்த்தே பதில் சொல்வேன். அக்கா இல்லாதபோது மாட்டைப் பார்த்துச் சொல்வார். அவர் தண்ணீர் இறைத்தது கவலையில், அதாவது மாடு பூட்டி இழுக்கிற கமலையில். ஒரு நாள் மாட்டுக்கிட்டே இப்படிச் சொன்னார்.

"மூட்டை தூக்கித் தூக்கித் தோள்பட்டை இறங்கிப் போச்சு. அந்தக் காசு அது. அய்யா வாங்குன எஞ்சினை ஒருத்தி மட்டும் ஓட்டுவா, நான் கவலை கட்டி மாட்டோட மாடா நடக்கணுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலையில் நான் எஞ்சினை ஓட்டி நிறுத்தினால் கிணற்றில் பாறை தெரியும். அவர் கவலை கட்டி இறக்குகிற சால் தரையைத் தட்டும். சித்திரையில் கிணறு ஒரு ஓட்டத்துக்குத்தான் தாங்கும். முதலில் ஓட்டுகிறவருக்குத் தண்ணீர். எஞ்சின் பொது என்று ஆனால் முதல் ஓட்டம் மூத்தவருக்கு. எனக்குப் பாறைதான்.

என்னிடம் இருந்தது ஒரு வாழைத் தோட்டம். குலை தள்ளுகிற சமயம். அது போனால் நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஆலங்குடிப் பக்கம் என் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணன் வீட்டில் அண்ணி இருக்கிறாள்.

பங்குனிக் கடைசியில் மூத்தார் அம்பலகாரரிடம் போனார். அம்பலகாரர் வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"முடிவாகுற வரைக்கும் இது எங்க வீட்ல கெடக்கட்டும். ரெண்டு பேரும் கவலையில எறைங்க."

என்னிடம் மாடு இல்லை. வீட்டுக்காரர் போன பிற்பாடு இருந்த இரண்டையும் விற்றிருந்தேன். குடத்தில் மொண்டு ஊற்றினேன். வாழைக்குக் குடத்துத் தண்ணீர் நாக்கு நனைக்கத்தான் காணும். ஓரத்து மரங்கள் இலையை மடித்துக்கொண்டன. வீட்டில் இருந்தால் தோட்டத்துக்குப் போகத் தோன்றும். தோட்டத்தில் நின்றால் பார்க்கப் பிடிக்காது. உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சின்னவள் என் காலைப் பிடித்துக்கொண்டு, "ஊஞ்சலா?" என்றாள்.

எஞ்சின் பக்கவாட்டில் எண் அடித்திருந்தது. மண்ணையும் பெயிண்ட்டையும் துணியால் தேய்த்துக் கழித்தேன். மளிகை கட்டி வந்த காகிதத்தை அதன்மேல் வைத்து அடுப்புக் கரியால் தேய்த்தேன். எழுத்தும் எண்ணும் காகிதத்தில் வந்தன. அதை மடித்து எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

திருக்கோகர்ணம் போகிற பாதையில் ஒரு மெக்கானிக் கடை. காகிதத்தைக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அமெரிக்கா எஞ்சினு. சண்டைக்கு முன்னாடி செஞ்சது. முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும்."

"எங்க வீட்டுக்கு எப்ப வந்துச்சுங்க?"

அவர் என்னைப் பார்த்தார்.

"செஞ்ச வருசம்தாங்க இதுல தெரியும். அது வாக்கப்பட்ட வருசம் தெரியாது. எனக்கும் கல்யாணம் ஆகியிருக்கு, என் முதுகுல எழுதியா கெடக்கு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நின்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்த மாதிரி வண்டி இந்தப் பக்கம் செட்டியார் வீடுகளில்தான் நின்றது, திருமயம் பக்கம் போய் விசாரிங்க என்றார். ஒரு ஊர் பெயரும் சொன்னார்.

அன்றைக்கே போனேன். பெரிய வீடு. பூட்டிக் கிடந்தது. வீட்டார் மலாயாவிலும் மெட்ராஸிலும் இருந்தார்கள். கார் நிற்கிற கொட்டகையில் டிரைவர் மட்டும் இருந்தார். கார் இல்லை. டிரைவர் இருந்தார். சம்பளம் வருகிறதாம்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு காரும்மா. ரெட்டைப் பிள்ளை மாதிரி. ஒண்ணு செட்டியாருக்கு, ஒண்ணு ஆச்சிமார் கோயிலுக்குப் போக. சண்டையில பெட்ரோல் இல்லாமப் போச்சு. ரெண்டும் நின்னுருச்சு. அப்பறம் கணக்கப்பிள்ளை எஞ்சினை எறக்கி வித்துட்டாரு. ரெண்டும் ஒங்க பக்கம்தான் வந்துச்சு. தண்ணி எறைக்கிறதுக்கு வேணும்னு யாரோ வந்தாங்கன்னு கேள்வி."

"ரெண்டும் ஒரே சமயத்துலயா?"

"இல்ல. ஒண்ணு முந்தி. ஒண்ணு பிந்தி."

"எப்ப எப்பங்க?"

"மொத ஒண்ணு எறக்குனப்ப நான் பழனிக்கு நடந்து போயிருந்தேன்."

"ரெண்டாவது?"

"அப்பவும் பழனிக்குத்தான் போயிருந்தேன்."

கணக்கப்பிள்ளை எங்கே என்று கேட்டேன். செத்துப்போனார். பார்த்தால் எது எந்த எஞ்சின் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். இரண்டும் ஒரே அச்சு, எண் ஞாபகமில்லை என்றார். மாமனார் வாங்கியதும் இந்த வீட்டு எஞ்சின், என் வீட்டுக்காரர் வாங்கியதும் இந்த வீட்டு எஞ்சின். முதலில் வாங்கிய இடத்திலேயே மறுபடி போய் வாங்கியிருக்கிறார். எந்த ஊரிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தும் புறப்பட்ட இடத்திலேயே நின்றேன்.

கிளம்பும்போது டிரைவர் கேட்டார். "ஓடுதாம்மா?"

"பெல்ட்டைக் கழட்டிட்டாங்க. கிளப்புனா ஓடும்."

"ஒருவாட்டி வந்து பாக்குறேன்" என்றார். எனக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வாங்க என்று சொல்லி வழி சொன்னேன்.

வீடு வந்தபோது அக்கா கொட்டகையிலிருந்து முந்தானையை உதறிக்கொண்டு வந்தார்.

"தண்ணி பாக்கப் போனேன். ஓரத்துல ஒரசுனதுக்குச் சீலையெல்லாம் நீலமும் செவப்புமா உதுந்து ஒட்டிக்கிச்சு. எஞ்சினா இல்ல திருவிழா மாடாடி அது? மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடிச்சது போக மிச்சத்தையெல்லாம் வருசம் தவறாம இது தலையில ஊத்தியிருக்கான் ஒம்புருசன்."

அவர் அப்படித்தான் செய்வார். கொம்புக்கு அடித்த பெயிண்ட்டில் மிச்சம் இருந்தால் எஞ்சினுக்கு ஒரு கை. இல்லாவிட்டால் எஞ்சினுக்கென்று மிச்சம் வைத்து மாட்டுக்கு அடிப்பார். கரும்புத் துண்டும் மாலையும் கட்டுவார். எஞ்சின் முன்னால் பொங்கல் பானையிலிருந்து ஒரு உருண்டை வைப்பார்.

உள்ளேயிருந்து மூத்தார் குரல் கேட்டது. "அவன் கண்டுபிடிச்சதா அது? அய்யா பண்ணுனது. நான் ஒரு பொங்கலுக்கு வந்திருந்தப்ப நானே நீலம் அடிச்சேன்."

நான் குடத்தை எடுக்கவில்லை. சோறு ஆக்கவில்லை. அப்படியே அம்பலகாரர் வீட்டுக்கு நடந்தேன்.

"வருசத்துக்கு ஒரு கை அடிச்சிருக்காங்க. சொரண்டி எண்ணிப் பாத்தா எஞ்சின் வந்து எத்தனை பொங்கல்னு தெரிஞ்சுருமுல்ல?"

அவர் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். விரலை மடக்கினார்.

"பாகம் பிரிச்சதுக்கு அப்பறம் எத்தனை பொங்கல்? அம்பத்து நாலுல இருந்து அறுவது வரைக்கும் ஏழு. இந்த வருசம் ஒங்க வீட்டுல தீட்டு, பொங்கல் இல்ல. தம்பி வாங்குனதுன்னா ஏழுக்கு மேல இருக்காது. அப்பன் வாங்குனதுன்னா அதுக்கு முந்தின பொங்கலும் சேரும். ஏழு வரைக்கும் வந்தா ஒன்னுது. எட்டு வந்துருச்சுன்னா பொது. சரியா?"

சரி என்றேன். மூத்தாருக்கு ஆள் அனுப்பினார். அவரும் சரி என்றார். உடனே சரி என்றார். அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் யோசித்தேன். என் வீட்டுக்காரர் சொன்னது பொய்யாக இருந்தால்? ரிப்பேர் பார்த்துவிட்டு, வாங்கினேன் என்று சொல்லியிருந்தால்? பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் புதுப் பெண்டாட்டியிடம் யார்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லாமல் இருக்கிறார்கள். அதற்குள் வழக்கை நானே கத்தி முனையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். நாள் குறித்தது வெள்ளிக்கிழமைக்கு. அதுவரை கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்று அம்பலகாரர் இருவருக்கும் சொல்லிவிட்டார். நான் தோட்டத்துக்குச் சுற்றுப்பாதையில் நடந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. யார் சுரண்டுவது என்று பேச்சு. நான் கூடாது, மூத்தார் கூடாது. காலை பஸ்ஸில் டிரைவர் வந்து இறங்கினார், கையில் ஒரு பை. அவர் கையை மூத்தார் ஒப்பவில்லை, நான் கூட்டி வந்த ஆள் என்று. அம்பலகாரர் சவரக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்.

"ஊர்லயே நடுங்காத கை அவனுது ஒண்ணுதான்."

அவர் வந்து எஞ்சினைச் சுற்றி வந்தார். "மீசை வைக்கணுமா, எடுத்துறணுமாங்க?"

அம்பலகாரர் சிரித்தார். மூத்தாரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்த இடத்தில் சுரண்டுவது என்று மூத்தார் பார்த்தார். முன்பக்கம் சூட்டில் பெயிண்ட் கருகிப் போயிருந்தது. பின்பக்கம் கிளச் இருக்கிற கூடு சூடேறாத இடம். பெயிண்ட் அங்கே தோசை மாதிரி கனத்திருந்தது. மூத்தார் அதைத் தொட்டுக் காட்டினார்.

சவரக்காரர் பழைய கத்தி ஒன்றை எடுத்துத் தீட்டினார். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். நேராகக் குத்தவில்லை. கன்னத்தில் வைக்கிற மாதிரி சாய்த்து வைத்து, மெல்ல மெல்லச் சீவினார். பெயிண்ட் சுருண்டு சுருண்டு விழுந்தது. நடுவில் இரும்பு காசு அளவுக்குத் தெரிந்தது. அதைச் சுற்றி வளையம் வளையமாக நிறம். குறுக்கே வெட்டிய வெங்காயம் மாதிரி இருந்தது.

"அடுத்தடுத்த வருசம் ஒரே கலரு அடிச்சிருந்தா ரெண்டு ஒண்ணாத் தெரியுமே" என்றார் மூத்தார், அக்காவிடம்.

டிரைவர் குனிந்து பார்த்தார். "தெரியாதுங்க. நடுவுல பாருங்க, வருசத்துப் புகையும் எண்ணெயும் மை தீட்டுன மாதிரி கோடு போட்டிருக்கு."

மூத்தார் பார்த்தார். கோடு இருந்தது. தலையாட்டினார்.

"நீயே எண்ணுப்பா" என்றார் அம்பலகாரர். "சத்தமா."

மூத்தார் வெளி வளையத்தில் விரலை வைத்தார்.

"நீலம். ஒண்ணு."

அது என் வீட்டுக்காரர் கடைசியாக அடித்தது.

"செவப்பு. ரெண்டு. கோடு. மறுபடி செவப்பு. மூணு. பச்சை. நாலு. மஞ்சள். அஞ்சு."

ஐந்து வரை எனக்குப் பயம் இல்லை. அவை நான் கண்ணால் பார்த்தவை. மஞ்சள் அடித்தது என் முதல் பொங்கலுக்கு. என் கைவிரலிலும் கொஞ்சம் தடவிவிட்டார். அதற்குக் கீழே இருப்பது எனக்குத் தெரியாத காலம்.

"செவப்பு. ஆறு."

அக்கா என் பக்கம் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன்.

"பச்சை. ஏழு."

மூத்தார் விரல் எடுக்கவில்லை. பச்சைக்கும் இரும்புக்கும் நடுவில் இன்னும் ஒரு வளையம் இருந்தது. சாம்பல் நிறம். நானும் பார்த்தேன். எல்லாரும் பார்த்தோம்.

"இது?" என்றார் மூத்தார்.

"அது கம்பெனி பெயிண்ட்டுங்க" என்றார் டிரைவர். "வரும்போதே இருந்தது."

"நீங்க அந்தம்மா கூப்பிட்டு வந்தவரு. அப்படித்தான் சொல்லுவீங்க."

"நான் பஸ்ஸுக்கு என் காசு குடுத்து வந்தவன்."

"யாருய்யா சாம்பக் கலர்ல மாட்டுக்கு அடிப்பா?" என்றார் சவரக்காரர்.

"அய்யா அடிப்பாரு" என்றார் மூத்தார். "எது வெலை கொறச்சலோ அதை வாங்கிட்டு வருவாரு. அவரைப் பத்தி ஒனக்குத் தெரியாது."

அம்பலகாரருக்கு மாமனாரைத் தெரியும். தாடையைத் தடவினார். எட்டு வந்தால் பொது என்று சொன்னதும் அவர்தான். தோட்டத்தில் வாழை இலை காற்றில் காகிதம் மாதிரி சலசலத்தது. பச்சை இலை அப்படிச் சத்தம் போடாது.

எனக்கு ஒன்று தோன்றியது. அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, மாமா அடிச்சிருந்தாலும், எங்க வீட்டுக்காரங்க அடிச்சிருந்தாலும், கை போற எடத்துலதான அடிச்சிருப்பாங்க. கை போகாத எடத்துல என்ன கலர் இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க."

அக்கா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூத்தார் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் இரண்டு மரக்கட்டைமேல் இருந்தது. கட்டைகளுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி. மூத்தார் மண்ணில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டார். அம்பலகாரர் தீப்பெட்டியை நீட்டினார்.

"பெட்ரோலுங்க! கொளுத்தாதீங்க!" என்று டிரைவர் கத்தினார். சவரக்காரர் பெட்டியிலிருந்து முகக் கண்ணாடியை எடுத்து, வெயிலைப் பிடித்து அடியில் அடித்தார். வெளிச்சம் மூத்தார் நெஞ்சில் விழுந்து, கழுத்துக்கு ஏறி, எஞ்சின் அடியில் போய் நின்றது.

மூத்தார் விரல் நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஓர் இடத்தில் சுரண்டினார். நகர்ந்து இன்னோர் இடத்தில் சுரண்டினார். பிறகு மூலைக்கு, இரண்டு இரும்புக்கு நடுவில் விரல் மட்டும் நுழைகிற சந்துக்குப் போனார். கண்ணாடி வெளிச்சம் அவர் கூடவே போனது. நேரம் ஆனது. அவருக்கு மூச்சு வாங்குவது வெளியே கேட்டது. அக்கா, "வாங்க வெளியில, மேலுக்கு ஒத்துக்காது" என்றார். அவர் வரவில்லை.

"என்னப்பா தெரியுது?" என்றார் அம்பலகாரர்.

"சாம்பலு."

"மத்த கலரு?"

"இல்ல."

"அந்தச் சந்துல?"

"சாம்பலுதான். பிரஷ்ஷு போகாது இங்க. எறும்புதான் போகும்."

வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். நெற்றியில் எண்ணெய். அக்கா துண்டைக் கொடுத்தார். அவர் வாங்கவில்லை. கிளச் கூட்டுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தார். சவரம் செய்த இடத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். யாரும் சொல்லாமலே வெளி வளையத்திலிருந்து மறுபடி விரலை நகர்த்திக்கொண்டு வந்தார், வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு. பச்சையில் வந்து நின்றார். சாம்பலைத் தொடவில்லை.

"எத்தனைன்னு சொல்லுப்பா" என்றார் அம்பலகாரர். "நீ சொல்றதுதான்."

மூத்தார் எழுந்தார். சட்டையை எடுத்து உதறினார். போட்டுக்கொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். கடைசிப் பொத்தான் மாட்டிய பிறகு சொன்னார்.

ஏழு.